இருபத்து மூன்றாம் நம்பர்க்காரனின் இடது பக்கம்

ஜன்னத் கால்பந்தைக் காலால் தொட்டதே கிடையாது. மைதானத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்ததும் இல்லை. ஆனால் ஜப்பானில் மினாசே என்கிற சின்ன ஊரின் அணி, ஒரு வருடம் அந்த நாட்டு லீக் கோப்பைக்காக ஆடியபோது, எவன் யாருக்குப் பந்தைத் தட்டினான், எவன் தவறவிட்டான் என்பதெல்லாம் அவள் விரல் நுனி வழியாகத்தான் பதிவானது. பாலவனத்தத்தில், பள்ளிவாசல் தெருவில், அவளைப் பெற்ற அத்தா வீட்டு நடு அறையில் உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்தாள்.

வேலை கொடுத்தது கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று. ஆட்டம் அங்கே நடக்கும்போதே இவள் மடிக்கணினியில் ஓடும். பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். கொடுத்தான், வாங்கினான், பறித்தான், தலையால் முட்டினான், தவறவிட்டான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். ஓர் ஆட்டத்துக்கு ஓர் ஆள் ஓர் அணியைத்தான் பார்ப்பது. அதற்கே எண்ணூறு, தொள்ளாயிரம் தடவை தட்ட வேண்டியிருக்கும். அந்தப் பதிவுகளை டி.வி.க்காரர்களும் கிளப்புகளும் வாங்கிக்கொள்வார்கள்.

அருப்புக்கோட்டைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி, புருஷன் இலியாஸ் அரபு நாட்டில் தம்மாமுக்கு வேலைக்குப் போன பிறகு பெற்றோரோடு இருந்தாள். தெருவில் கேட்பவர்களுக்கு அவள் அம்மா பரக்கத் நிஷா "ஜப்பான் கம்பெனி வேலை" என்று சொல்லிவைத்திருந்தாள். "குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பூங்கா வருதாம்ல, அங்க சூப்பர்வைசரா சேத்துவிடு" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பெண் வீட்டைவிட்டு நகராமல் சம்பாதிக்கிறாள் என்பதே பரக்கத் நிஷாவுக்குப் போதுமாக இருந்தது.

ஜப்பான் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே பிற்பகல் மூன்றரைக்கு. மத்தியானச் சாப்பாட்டை முடித்து, ஏனத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். இடைவேளையில் அஸர் தொழுதுவிடுவாள்.

மினாசே அணி அவளுக்கு வந்தது யாரும் கேட்காததால்தான். இரண்டாம் டிவிஷனில் கடைசியில் கிடக்கிற அணி. மைதானத்தில் கேமராக்கள் குறைவு. மலையடிவார ஊர் என்பதால் மூடுபனி வேறு. சட்டை நம்பர் தெரியாது. பங்குனி மாதம் முதல் சுற்று வந்தபோது, ஷிப்டுக்குப் பொறுப்பான கோகுல் போனில் கேட்டான். சாத்தூர்க்காரப் பையன், அவளைவிட நாலு வயது இளையவன்.

"அக்கா, மினாசேய யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க. ஒரு ஆட்டந்தான். எப்படியும் முதச் சுத்துலயே தோத்துருவானுக."

"கொடு தம்பி, பாக்கேன்."

தோற்கவில்லை. பெரிய டிவிஷன் அணி ஒன்று மினாசேக்கு வந்து, மூடுபனிக்குள் ஒரு கோல் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது. அந்த ஆட்டத்தில்தான் ஜன்னத் நம்பரை நம்புவதை விட்டுவிட்டு, நடையை வைத்து ஆளைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருவன் ஓடும்போது வலது தோளைத் தூக்குவான். ஒருவன் பந்து வரும் முன் கால்சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொள்வான். இருபத்து மூன்றாம் நம்பர்க்காரன் அசாகிரி, வலது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன், ஓடும்போது உள்ளங்கை இரண்டையும் விரித்து வைத்திருப்பான், ஈரக்கையோடு ஓடுகிறவன் மாதிரி. பனியில் அவனைத்தான் முதலில் கண்டுபிடிக்க முடிந்தது.

சித்திரையில் இரண்டாம் சுற்று. அதையும் வென்றார்கள். வைகாசியில் மூன்றாம் சுற்று. அது சமனில் முடிந்து, பெனால்டி அடித்துத் தீர்த்துக்கொண்டார்கள். வெற்றியைத் தந்த ஐந்தாவது பெனால்டியை அசாகிரிதான் அடித்தான். அதே ஆட்டத்தின் முதல் பாதியில் எதிராளி ஒருவன் ஓங்கி அடித்த பந்து, நாலடி தூரத்திலிருந்து அவன் முகத்தில் பட்டிருந்தது. விழுந்தான். டாக்டர் ஓடி வந்தார். இரண்டு நிமிடத்தில் எழுந்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஆடினான். ஜன்னத் 'காயம், ஆட்டம் நிறுத்தம், இரண்டு நிமிடம்' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ப்ளே-ஆஃப். ஒரே அணியோடு இரண்டு ஆட்டம், ஒன்று எதிரணி ஊரில், ஒன்று மினாசேயில். இரண்டிலும் போட்ட கோலைக் கூட்டி, கூடுதலாகப் போட்டவன் காலிறுதிக்குப் போவான். ஜூன் முதல் வாரம், ஒரு புதன்கிழமை முதல் ஆட்டம். அதை முடித்து, பதிவுகளை அனுப்பிவிட்டு, அவள் துணி எடுக்க மாடிக்குப் போனபோது கோகுல் கூப்பிட்டான்.

"அக்கா, இருபத்து மூணுக்கு ஒம்போது 'தவறவிட்டது' போட்டிருக்கீங்க. முன்னாடி மூணு ஆட்டத்துக்கும் சேத்தே ரெண்டுதான். கை தட்டுப்பட்டுருச்சா?"

"இல்ல தம்பி. பாத்துட்டுத்தான் போட்டேன். எதுக்கும் இன்னொருக்கப் பாக்கேன்."

துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டுக் கீழே வந்தாள். ஒன்பதையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். ஒன்றுகூடப் பிழையில்லை. எல்லாமே அவன் தவறவிட்டதுதான். ஆனால் வரிசையாகப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒன்பதில் எட்டு, அவனுக்கு இடப்பக்கமிருந்து வந்த பந்து. வலப்பக்கமிருந்து வந்ததை அவன் வழக்கம்போல் காலில் ஒட்டவைத்தாற்போல் நிறுத்தினான். இடப்பக்கமிருந்து வந்தால் பந்து வந்து சேர்ந்த பிறகுதான் கால் போனது, அதுவும் ஒரு சாண் தள்ளி.

இன்னும் ஒன்று. பந்து வருவதற்கு முன் கழுத்தோடு முழுத்தலையையும் இடப்பக்கம் திருப்பினான். முந்தைய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தாள். அங்கெல்லாம் கண்ணை மட்டும்தான் ஓட்டியிருந்தான். இந்தத் திருப்பல் புதிது.

அந்தத் திருப்பல் அவளுக்குத் தெரியும்.

அவள் அத்தா மீரா சாகிபு அருப்புக்கோட்டையில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் முப்பது வருடம் தரம் பார்த்தவர். சாக்கில் கையை விட்டு ஒரு பிடி மிளகாய் வத்தலை அள்ளி, வெளிச்சத்தில் காட்டி, இது எந்த ஊர்க் காட்டில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். கண்ணை வைத்துப் பிழைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவர் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்தார். வாசல் நிலையில் இடது தோள் இடித்துக்கொண்டது. மொபெட்டைக் கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்தியிருந்த சைக்கிளில் உரசிவிட்டு, பிரேக் சரியில்லை என்றார். யாராவது இடப்பக்கம் வந்து நின்று பேசினால் கழுத்தோடு திரும்பிப் பார்த்தார்.

ஜன்னத் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒருநாள் "கண்ணு சரியாத் தெரியலையா அத்தா?" என்று கேட்டதற்கு அவர் சத்தம் போட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டாள். புது வேலை, பயிற்சிக் காலம், அதில் மூழ்கிவிட்டாள். முழுசாக ஒரு மாதம் கழிந்து மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனபோது, இடது கண்ணில் விழித்திரை ஒட்டுவிட்டுப் பிரிந்துபோய்விட்டது என்றார்கள். ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை மாதிரி இறங்கியிருக்குமே, சொல்லவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். மீரா சாகிபு தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வாரம் முந்தி வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னது, அவரைவிட ஜன்னத்தின் மனதில்தான் முள்ளாகத் தைத்து நின்றது.

அன்று சாயங்காலம் அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அத்தாவிடம் போனாள். அவர் மகரிபுத் தொழுகைக்குக் கிளம்பத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அத்தா, ஒரு நிமிசம் இதப் பாருங்க. இந்த மஞ்சச் சட்டை, ஓரத்துல நிக்கிறவன்."

மீரா சாகிபு கட்டிலில் உட்கார்ந்து, முகத்தை இடப்பக்கம் சாய்த்து, வலது கண்ணால் திரையைப் பார்த்தார். அவள் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது துண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். நாலாவதிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இவன் மறைக்கான்."

"எதையத்தா?"

"பந்து அந்தப் பக்கம் கெடக்கும்போதே முந்திப்போயித் திரும்பி நின்னுக்கிறான் பாரு. திரும்புறது அடுத்தவனுக்குத் தெரியக்கூடாதுன்னு சட்டையத் தொடைக்கிற மாதிரி ஒரு சோலி பண்றான். நான் கடையில சாக்கத் தட்டிவிடுற மாதிரி திரும்பிக்கிருவேன். மொதலாளிக்குத் தெரிஞ்சிட்டா தரம் பாக்க வேற ஆளப் போட்டுருவாகன்னுட்டு." மறுபடி குனிந்து திரையைப் பார்த்தார். "எந்த ஊர்ப்பய இவன்?"

"ஜப்பான்."

"அவன்கிட்ட யாரும் சொல்லலையா?"

பரக்கத் நிஷா அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "அவுக ஊர்ல டாக்டருக்கா பஞ்சம்? நாம எங்கிட்டோ இருந்துக்கிட்டு ஒரு மனுசன் கண்ணு தெரியலன்னு சொல்றதா? உள்ள வேலையும் போயிறப் போகுது."

அம்மா சொன்னதில் ஞாயம் இருந்தது. கம்பெனியில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆட்டக்காரர்களின் காயம், உடல்நிலை பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதை வைத்துப் பந்தயம் கட்டுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பேசியது தெரிந்தால் அன்றோடு வேலை போகும்.

மறுநாள் காலையில் அவள் கோகுலைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அக்கா, நீங்க டாக்டரும் இல்ல, கோச்சும் இல்ல. தப்பாப் போச்சுன்னா ஒரு பிளேயரோட பொழப்புல கை வச்ச மாதிரி ஆயிரும்."

"தெரியும் தம்பி. நான் வெளிய யாருகிட்டயும் சொல்லல. நம்ம பதிவுலயே குறிப்பு எழுதுறதுக்கு ஒரு கட்டம் இருக்குல்ல. அதுல எழுதித் தாரேன். இடப்பக்கத்துல இருந்து வந்த பந்து இத்தன, தவறவிட்டது இத்தன, தலையத் திருப்புறது இந்த இந்த நிமிசம். இந்த ஆட்டத்துக்கும் முன்ன ஆட்டத்துக்கும். கண்ணப் பாக்கச் சொல்லுங்கன்னு ஒரு வரி. அத நீ மேல அனுப்பு. அனுப்ப மாட்டேன்னா சொல்லிரு, நான் மேனேஜர்கிட்டயே பேசுறேன்."

"எங்க அத்தாவுக்கு இப்படித்தான்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் பரிதாபத்துக்காக அனுப்புகிறான் என்றாகிவிடும் என்று நினைத்தாள்.

கோகுல் அனுப்பினான். கோயம்புத்தூர் மேனேஜரிடமிருந்து அது டோக்கியோவில் கிளப்புகளோடு பேசுகிற ஆளுக்குப் போயிற்று என்பது மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆட்டம். தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆட்டக்காரர் பட்டியல் வரும். ஜன்னத் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். மாற்று ஆட்களிலும் பார்த்தாள். இருபத்து மூன்று இல்லை.

அன்றைக்கு மினாசே இரண்டு கோல் போட்டுக் காலிறுதிக்குப் போனது. ஜப்பானில் அந்தச் சின்ன மைதானமே குதித்தது. ஜன்னத் தட்ட வேண்டியதைத் தட்டினாள், ஒன்றும் மனதில் ஏறவில்லை. அவனுடைய கிளப் தன் இணையப் பக்கத்தில் அவனைப் பற்றி ஒன்றுமே போடவில்லை. கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் வெற்றிச் செய்தியும் சோயா சாஸ் விளம்பரமும்தான் இருந்தன. கண்ணில் ஒன்றுமில்லாமல், இவள் எழுதியதைப் பார்த்துக் கோச் அவனை உட்கார வைத்திருந்தால்? எங்கோ ஒருத்தன், என்ன குற்றம் என்று தெரியாமலே இடத்தை இழந்து உட்கார்ந்திருக்கிறானோ? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இலியாஸ் தம்மாமிலிருந்து கூப்பிட்டபோது இதைத்தான் சொன்னாள்.

"சொல்லாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பியா?" என்று அவன் கேட்டான்.

"இல்ல."

"அப்பச் சரி. எதுவா இருந்தாலும் அல்லா பாத்துக்கிருவான். நீ சாப்பிடு."

நாலாம் நாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. குறிப்புக் கட்டத்தில் இனி ஆட்டக்காரர் உடல்நிலை பற்றி எழுதக் கூடாது, ஏதேனும் தோன்றினால் மேனேஜரிடம் நேரடியாக மட்டும் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரி. வேலை போகவில்லை. நன்றியும் இல்லை, திட்டும் இல்லை. அவள் அதை ஏழெட்டுத் தடவை படித்துப் பார்த்தாள், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் மீரா சாகிபு சாப்பிட உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பு. இரண்டு வாய் வைத்தவர் கையை நிறுத்தினார்.

"ஜன்னத்து, அந்தப் பய என்ன ஆனான்?"

"தெரியலத்தா. ஆட விடல."

"ம்." சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். "எனக்கு வலது கண்ணுல ஒரு வாரமா கொசு பறக்குது. இருட்டுல மின்னல் மாதிரி ஓரத்துல வெட்டுது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."

பரக்கத் நிஷா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஜன்னத் எழுந்துவிட்டாள். "எந்திரிங்கத்தா. கைய கழுவுங்க. ரெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சிரலாம்."

"சாப்பிட்டுட்டு…"

"பஸ்ஸுல சாப்பிடலாம்."

பரக்கத் நிஷா சோற்றைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டே பேசினாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "வீட்டுல ரெண்டு பொம்பளைக இருக்கோம், எங்ககிட்டச் சொல்ல வாய் வரல. அவுக வாயத் தொறக்கிறதுக்கு ஜப்பான்ல இருந்து ஒருத்தன் வர வேண்டியிருக்கு."

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து மதுரை. ஆஸ்பத்திரியில் அன்று பார்த்து முடியவில்லை. தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்கே வரிசையில் உட்கார்ந்தார்கள். சொட்டு மருந்து ஊற்றி, கண்ணை விரியவைத்து, டாக்டரம்மா வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். அதே டாக்டரம்மாதான். ஜன்னத் சுவரோரம் நின்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கிழிசல் விழுந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மீதியைச் சொன்னார். "சின்னக் கிழிசல்தான். இன்னும் பிரியல. லேசர் வச்சுச் சுத்தி ஒட்டிரலாம், இன்னைக்கே. இந்தத் தடவை கரெக்டா வந்திருக்கீங்க பாய்."

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கத்தி இல்லை, கட்டு இல்லை. மருந்தின் வேகத்தில் அன்றைக்கு மத்தியானம் வரை எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள். இருந்த ஒரே கண்ணும் கலங்கிப்போக, மீரா சாகிபு மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது படி தெரியாமல் காலால் துழாவினார். அவள் குனிந்து அவர் பாதத்தைப் பிடித்துப் படியில் வைத்தாள். ஜன்னலோரம் உட்காரவைத்தாள். மதுரை தாண்டிற்று. இரண்டு பக்கமும் கருவேலங்காடும் காய்ந்த கண்மாயுமாகப் போய்க்கொண்டிருந்தது.

காரியாபட்டிக்குள் பஸ் நுழையும்போது அவர் சொன்னார்: "முருகன் டயர்ஸ்."

"என்னத்தா?"

"போர்டு. முருகன் டயர்ஸ்." கொஞ்ச தூரம் போய், "வெல்டிங் ஒர்க்ஸ்." இன்னும் கொஞ்சம் போய், "இங்கு உளுந்து, பாசிப்பயறு நல்ல விலைக்கு வாங்கப்படும்."

அருப்புக்கோட்டை வரும்வரை அவர் ஒரு போர்டை விடவில்லை. கல்யாண வாழ்த்து பேனர், பள்ளிக்கூடம், பேக்கரி, மைல்கல் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஜன்னத் முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று உருண்டு போனமாதிரி இருந்தது. தூக்குச்சட்டியில் முந்தின நாள் அடைத்து, சாப்பிடாமல் விட்ட சோறு நினைவு வந்து, அது கெட்டுப்போயிருக்குமே என்று அடுத்த நிமிடம் கவலைப்பட்டாள்.

அசாகிரியைப் பற்றித் தெரிய இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. ஆனி மாதக் காற்று கிளம்பிவிட்டிருந்தது. அவள் வேறு ஏதோ லீக் ஆட்டத்துக்கு உட்கார்ந்திருந்தாள். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க நாற்காலியை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது கோகுல் கூப்பிட்டான்.

"அக்கா, மினாசே கிளப் பக்கத்துல அறிவிப்பு போட்டிருக்கான். பாத்தீங்களா?"

"இல்லையே. என்னவாம்?"

"அசாகிரி, இடது கண்ணு, விழித்திரை பிரிஞ்சிருந்துச்சாம். டாக்டர் பரிசோதனையில தெரிஞ்சுச்சாம். ஆபரேசன் முடிஞ்சு நல்லாயிருக்கானாம். நாலு மாசத்துல ஆட வந்துருவான்னு போட்டிருக்கு."

அவள் முட்டுக்கொடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"நம்ம குறிப்பப் பாத்துத்தான் பரிசோதனை பண்ணாங்களா தம்பி?"

"அது தெரியல அக்கா. டோக்கியோகாரர்கிட்டக் கேட்டேன். அனுப்புனேன், அவ்வளவுதான் தெரியும்னாரு. அவனாவே டாக்டர்கிட்டப் போயிருக்கலாம். நம்மளுதாவும் இருக்கலாம்."

"சரி விடு. எப்படியோ பாத்துட்டாகள்ல."

"பாத்துட்டாக அக்கா" என்றான் கோகுல். பிறகு அவனே சொன்னான். "அன்னைக்கு அனுப்ப வேணாம்னுதான் இருந்தேன். நீங்க மேனேஜர்கிட்டப் போறேன்னதுக்குப் பயந்துதான் அனுப்புனேன். இப்ப நெனச்சா ஒரு மாதிரி இருக்கு."

காலிறுதி செப்டம்பரில் நடந்தது. மினாசே அதிலும் தட்டுத்தடுமாறித் தப்பியது. முன்பு யாரும் கேட்காத அணியை இப்போது நாலு பேர் கேட்டார்கள். கோகுல் ஜன்னத்துக்கே கொடுத்தான். அக்டோபரில் அரையிறுதி. முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றுவிட்டார்கள். இரண்டாவது ஆட்டத்துக்குப் பட்டியல் வந்தபோது, மாற்று ஆட்களில் கடைசிப் பெயராக இருபத்து மூன்று இருந்தது.

நம் நேரத்துக்கு முற்பகல் பதினொன்றரை ஆட்டம். மீரா சாகிபு அவள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வேலை நேரத்தில் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஜன்னத் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். எழுபத்தொன்பதாவது நிமிடம், இனி வெல்ல வழியில்லை என்று ஆன பிறகு, ஆள் மாற்றும் பலகையில் இருபத்து மூன்று எரிந்தது. அவன் தலையில் வார் போட்டுக் கட்டிய கண்ணாடி அணிந்து, உள்ளங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு உள்ளே ஓடினான். மைதானம் முழுக்க எழுந்து நின்றது.

முதல் பந்து வலப்பக்கமிருந்து வந்தது. நிறுத்தினான், கொடுத்தான். இரண்டாவதும் அப்படியே. எண்பத்து நாலாவது நிமிடம், நடு மைதானத்திலிருந்து ஒருத்தன் இடப்பக்கமாக அவனுக்கு வேகமாக ஒரு பந்தை அடித்தான். மீரா சாகிபு நாற்காலியை முன்னால் இழுத்தார். அசாகிரி கண்ணைத்தான் ஓட்டினான். கழுத்து திரும்பவில்லை. பந்து காலில் வந்து உட்கார்ந்தது.

ஜன்னத் 'வாங்கினான்' பொத்தானைத் தட்டினாள். விரல் வியர்த்து வழுக்கியது. அதற்குள் அவன் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டான், அதையும் தட்ட வேண்டும்.

"நேராத்தான் பாக்கான்" என்றார் மீரா சாகிபு, பின்னாலிருந்து.

மினாசே தோற்றது. ஆட்டம் முடிந்து எதிரணிக்காரர்கள் வந்து அசாகிரியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இறுதி ஆட்டத்துக்குப் போக முடியாத வருத்தம் அவன் முகத்தில் தெரியவில்லை, ஜன்னத்துக்கும் இல்லை.

இறுதி ஆட்டம் ஐப்பசி நடுவில், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. வேறு இரண்டு பெரிய அணிகள். அந்த வேலை சீனியர் ஆட்களுக்குப் போயிற்று. ஜன்னத்துக்கு விடுமுறை. வெளியே மழை பிடித்திருந்தது. காட்டில் விதைப்பு முடித்தவர்களுக்கு அது நல்ல மழை. தெருவில் நடமாட்டமே இல்லை. யூடியூபில் ஆட்டத்தைச் சும்மா காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் மீரா சாகிபு டி.வி.யில் போடச் சொன்னார். கடையில் மறுபடி அரை நாள் தரம் பார்க்கப் போகத் தொடங்கியிருந்தார், அன்றைக்கு மழையைச் சாக்காக வைத்துப் போகவில்லை.

"நம்ம பய ஆடுறானா?"

"அவுக போன மாசமே தோத்துட்டாகள்லத்தா."

"சரி, அப்ப யாரு ஜெயிச்சா நமக்கென்ன. போடு, பாப்போம்."

மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். பரக்கத் நிஷா வேகவைத்த நிலக்கடலையை ஒரு தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஜன்னத் வேலையில்லாமல் ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பது அதுவே முதல் தடவை. பச்சைப் புல் எவ்வளவு பெரிய பரப்பு, ஒரு கோல் விழுவதற்கு முன் கூட்டம் எப்படி மூச்சைப் பிடிக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் பந்து ஒவ்வொரு காலுக்கும் போகும்போது அவளுடைய வலது கை விரல் மூன்று, தொடைமேல் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன.

பரக்கத் நிஷா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து விரித்து, அதில் ஒரு பிடி கடலையை வைத்தாள்.

"சும்மா தட்டுற கையால இதையாவது உரி" என்றாள்.